சுங்குவார்சத்திரத்தில் ஒரு டன் வார்ப்பிரும்பு

செம்பரம்பாக்கம் தாண்டிவிட்டால் பெங்களூர் நெடுஞ்சாலையில் வயலைவிட மதில்தான் அதிகம் கண்ணில் படுகிறது. மதில், கேட், செக்யூரிட்டி கூண்டு, வரிசையாகக் கம்பெனி பஸ், மறுபடி மதில். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் அடிக்கல் நாட்டி 1998இல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. 2007இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங். தெற்கே ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான், 2012இல் டைம்லரின் லாரிகள், 2013இல் ராயல் என்ஃபீல்டு. கால் நூற்றாண்டுக்குள் ஒரு தாலுகாவின் முகமே மாறிவிட்டது.

பெரிய ஆலை வந்தால் அதைச் சுற்றிச் சின்னப் பட்டறைகள் முளைக்கும். கார் கதவுக்குத் தகடு அடிக்க டை வேண்டும். அடித்த தகட்டைப் பிடித்து வெல்டிங் வைக்க ஃபிக்ஸர் வேண்டும். செல்போன் மூடிக்கு மோல்டு வேண்டும். இதையெல்லாம் வெட்டித் தருகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். அந்தக் கொட்டகைகளில் பலவற்றில், ஒரு மூலையில், கையால் கைப்பிடி சுற்றி ஓட்டுகிற பழைய மில்லிங் மெஷின் ஒன்று இருக்கும். என் வீட்டுப் பட்டறைக்கு அப்படி ஒன்றைத் தேடித்தான் பூந்தமல்லியில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன்.

எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷின் வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் தனக்கே முதலில் சொல்லிக்கொள்ள வேண்டியது இது. நான் தொலைநோக்கி செய்கிறவன். தொலைநோக்கியில் கண்ணாடி தேய்ப்பதைக்கூடப் பொறுமை இருந்தால் கையாலேயே செய்துவிடலாம். அதைத் தாங்குகிற மவுன்டைச் செய்வதுதான் கஷ்டம். வானம் நகர நகரத் தொலைநோக்கியும் கூடவே திரும்ப வேண்டுமானால் மவுன்டின் ஓர் அச்சு துருவத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. லண்டனில் 51 டிகிரிக்கும் மேல், சென்னையில் 13. வெளிநாட்டில் செய்த மவுன்ட்கள் சில 13 வரைக்கும் இறங்குவதே இல்லை. இறங்கினாலும் எதிர் எடையைத் தாங்கும் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். நம் ஊர் வானத்துக்கு நாமே ஒரு சாய்வுத் தாங்கி செய்துகொள்வதுதான் வழி. அதற்கு 12 மி.மீ., 16 மி.மீ. அலுமினியத் தகடுகளைச் சதுரமாகச் சீவ வேண்டும், ஸ்லாட் வெட்ட வேண்டும், டவ்டெயில் போட வேண்டும். அப்புறம் எஃகில் சில சின்னச் சாமான்கள். ஆக, என் தேவை இவ்வளவுதான்: ஒரு முழ நீளத்துக்குள் அடங்குகிற ஜாப், பெரும்பாலும் அலுமினியம், நூலில் ஒரு பங்கு துல்லியம்.

லேத் என்னிடம் இருக்கிறது. லேத்திலேயே வெர்டிகல் ஸ்லைடு என்ற துணைக்கருவியைப் பூட்டி மில்லிங் செய்கிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் மைஃபோர்டு எம்எல்7 என்ற சின்ன லேத் வந்தபோது, அங்கே வீட்டுக் கொல்லையில் குட்டி நீராவி எஞ்சின் செய்தவர்கள் ஒரு தலைமுறைக் காலம் அப்படித்தான் சமாளித்தார்கள். முடியாது என்றில்லை. ஆனால் இரண்டு விரற்கடை அகலத் துண்டு வரைக்கும்தான் அது சரிப்படும். தகடு பெரிதானதும் ஜாபைப் பிடிக்கவே இடம் இருக்காது.

சுங்குவார்சத்திரம் ஒரு நாற்சந்தி ஊர். கிழக்கும் மேற்கும் நெடுஞ்சாலை, வடக்கே மப்பேடு வழியாகத் திருவள்ளூர், தெற்கே வாலாஜாபாத். பேருந்து நின்றதும் இறங்கியவர்களில் பாதிப் பேர் கழுத்தில் அடையாள அட்டை. ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்களும் ஷிஃப்டுக்குப் போகிற பெண்களும் எதிரெதிரே கடக்கிறார்கள். டீக்கடையில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் சரளமாக ஓடுகிறது. 2024 செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தது இங்கேதான். அந்த நாட்களில் நாட்டின் பத்திரிகைகள் எல்லாம் இந்த ஊர்ப் பெயரை எழுதின. மற்ற நாட்களில் பஸ் கண்டக்டர் மட்டும்தான் இதை உரக்கச் சொல்கிறார்.

வாலாஜாபாத் சாலையில் கொஞ்ச தூரம் போய், ஓர் உட்தெருவில் நண்பர் சொல்லிவிட்ட பட்டறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் வேப்பமரம், உள்ளே, புரோகிராம்படி தானே வெட்டுகிற விஎம்சி மில்லிங் மெஷின்கள் இரண்டு. கண்ணாடிக் கதவுக்குள் கூலன்ட் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஒடிசாப் பையன் ஒருவன் கதவைத் திறந்து, ஜாபை ஏர் கன்னால் ஊதி, அடுத்ததைப் பூட்டி, பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்தான். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். என் டிராயிங்கைப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டார்.

“உங்களுக்கு எதுக்கு சார் மெஷின்? இதைக் கொடுத்துட்டுப் போங்க. நாளன்னிக்கு வெட்டி வச்சிடறேன்.”

நியாயமான கேள்வி. வருஷத்துக்கு நாலு சாமான் வேண்டும் என்கிறவர்கள் அவர் சொன்னபடி ஜாப் ஒர்க் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். அவர்கள் மெஷின் வாங்கக் கூடாது என்றே நான் சொல்வேன். ஆனால் மவுன்ட் மாதிரி ஒன்றை வடிவமைக்கும்போது டிராயிங் முதலில் பிறப்பதில்லை. ஒரு தகட்டை வெட்டி, மாட்டிப் பார்த்து, இரவில் தூக்கி வைத்து ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துப் பார்த்து, அசைகிறது என்றால் மறுநாள் இன்னும் அரை மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். அந்த அரை மில்லிமீட்டருக்கு ஒவ்வொரு தடவையும் அறுபது கிலோமீட்டர் வர முடியாது. இதைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. “அப்ப கை மெஷின்தான் உங்களுக்குச் சரி. அண்ணன்கிட்ட பேசுங்க” என்று மூலையைக் காட்டினார்.

மூலையில் டரட் மில்லிங் மெஷின் ஒன்று நின்றது. டூல்ரூம்காரர்கள் எம்1டிஆர் என்று சொல்கிற ரகம். தூணின் உச்சியில் ஒரு கை நீண்டு, அதன் நுனியில் தலை. தலையைச் சாய்க்கலாம், கையை முன்னும் பின்னும் தள்ளலாம், சுற்றியும் திருப்பலாம். 1938இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் ருடால்ஃப் பேனோ வடிவமைத்த மெஷினின் வாரிசு இது. அந்த ஒரு வடிவம் உலகத்துக்கே வழிகாட்டியாகி, பஞ்சாபின் பட்டாலா வரைக்கும் வந்து, அங்கிருந்து லாரி ஏறிக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்து நிற்கிறது. தலைமேல் கடந்த ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு கலந்து காய்ந்திருந்தது. அதை ஓட்டுகிற பெரியவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கற்று, முதலாளி இங்கே கொட்டகை போட்டபோது கூடவே வந்தவர். பட்டறையே அவரை அண்ணன் என்கிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வீட்டுக்கு மெஷின் என்றதும் பலரும் முதலில் பார்ப்பது மேசைமேல் வைக்கிற புது மெஷினைத்தான். பாரிமுனையில் லிங்கிச் செட்டி தெருப் பக்கம் போனால் பெயின்ட் மினுமினுக்கப் பல அளவில் பார்க்கலாம். ஐம்பது அறுபது கிலோவிலிருந்து முந்நூறு கிலோ வரைக்கும் உண்டு. சிங்கிள் ஃபேஸில் ஓடும், மாடிக்குக்கூட ஏற்றலாம், வாங்கின அன்றே பிளக்கைச் சொருகி வேலை ஆரம்பிக்கலாம். இந்தச் சௌகரியம் பெரிய சௌகரியம். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அபார்ட்மென்டில் இருக்கிறவருக்கு வேறு வழியும் இல்லை. அவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். தூண் உருளையாக இருப்பதை வாங்காதீர்கள். தலையை ஏற்றி இறக்கும்போது அது உருளையைச் சுற்றி இம்மி திரும்பிவிடும். டிரில்லை எடுத்துவிட்டு ரீமரைப் போடத் தலையைத் தூக்கினால் பிடித்து வைத்த சென்டர் போய்விடும். டவ்டெயில் தூண் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் எடையைப் பற்றிப் பேசாமல் மில்லிங்கைப் பற்றிப் பேச முடியாது. லேத்தில் கருவி ஜாபைத் தொட்டால் தொட்டபடி சீவிக்கொண்டே இருக்கும். மில்லிங்கில் கட்டரின் ஒவ்வொரு பல்லும் வந்து அடித்துவிட்டுப் போகும். 10 மி.மீ. எச்எஸ்எஸ் எண்டு மில்லால் சாதா எஃகை வெட்ட நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகம் வைத்தால், சுற்று ஏறக்குறைய 800. நாலு பல் கட்டர் என்றால் நிமிடத்துக்கு 3,200 அடி. அந்த அடியை வாங்கிக்கொள்ள அடியில் கனம் வேண்டும். அம்மி ஆடினால் அரைபடுமா? மெஷின் இலேசாக இருந்தால் கட்டர் கிறீச்சிடும், வெட்டின முகத்தில் அலை அலையாகத் தடம் விழும், பல் சீக்கிரம் மழுங்கும். ஆழத்தைக் குறைத்துக் குறைத்து, ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு தடவை ஓட்ட வேண்டியிருக்கும். பொறுமைசாலிக்கு அதுவும் சரிதான். ஆனால் மெஷினோடு போராடுகிற நேரம் நட்சத்திரம் பார்க்கிற நேரத்திலிருந்துதான் கழியும்.

வார்ப்பிரும்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்குள் இருக்கிற கிராஃபைட் செதில்கள் அதிர்வை உறிஞ்சிவிடும். அதே கனத்தில் எஃகுச் சட்டம் போட்டு வெல்டிங் வைத்தால் இந்த அமைதி கிடைக்காது. அதனால்தான் மெஷின் செய்கிறவர்கள் இன்றைக்கும் வார்ப்பை விடவில்லை.

“எத்தனை கிலோ அண்ணே இது?”

“டன் வரும் சார்.”

கனம்தான் வேண்டும் என்றால் இன்னும் மேலே போகலாம் என்று, அன்று மதியம் ஒரகடம் பக்கத்தில் பழைய மெஷின் வியாபாரி ஒருவரின் யார்டுக்குப் போனேன். வல்லம் வழியாக ஷேர் ஆட்டோ. யார்டு ஒரு பெரிய மைதானம்; பவர் பிரஸ், ஷேப்பர், லேத் என்று மழையில் நனைந்து துருவேறிய கூட்டம். ஷேப்பர்களுக்கு இப்போது வாங்க ஆளே இல்லையாம். காயலான் கடை எடைக்குத்தான் போகிறது. நடுவில் எச்எம்டியின் எஃப்என்2. 1953இல் பெங்களூரில் அரசாங்கம் தொடங்கிய எச்எம்டி, வாட்ச் செய்வதற்கு முன்பே மெஷின் டூல் செய்துவந்த கம்பெனி. பக்கத்தில் பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர், 1961இல் ஜெர்மன் கூட்டோடு அதே பெங்களூரில் தொடங்கியது. இந்த இரண்டு பெயரும் இல்லாத டூல்ரூம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அரிது. டேபிளில் கையை வைத்துத் தள்ளினால் கட்டிடத்தைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அவ்வளவு ஆசை வந்தது, உண்மைதான். ஆனால் எடை இரண்டு டன்னைத் தாண்டுகிறது, மோட்டார் பெரிது, கார் ஷெட்டின் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். ஹாரிசான்டல் ஆர்பரில் பெரிய கட்டரைப் போட்டு முழுநாளும் எஃகை உரிக்கிறவர்களுக்கான மெஷின் அது. தொலைநோக்கிக்காரனுக்கு அவ்வளவு வேண்டாம்.

வியாபாரி நல்லவர், நான் டயல் கேஜை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் யார்டில் நிற்கிற மெஷினுக்குக் கரன்ட் கிடையாது. ஓடாத மெஷினைப் பார்த்து வாங்குவதில் பாதிக்கு மேல் நம்பிக்கைதான். புதுப் பச்சை பெயின்ட் அடித்து வைத்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பெயின்ட் தேய்மானத்தை மறைக்கும். நான் பரிந்துரைப்பது, பட்டறையில் இன்றைக்கும் ஜாப் வெட்டிக்கொண்டிருக்கிற, அழுக்கான மெஷின். அதை ஓட்டினவரே பக்கத்தில் நின்று அதன் குறைகளைச் சொல்வார்.

அதனால் சுங்குவார்சத்திரத்துக்கே திரும்பினேன். முதலாளி மூன்றாவது விஎம்சிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார், அது வர இடம் வேண்டும், ஆகவே மூலையில் நிற்பதைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார். இந்த வட்டாரம் முழுக்க நடப்பதுதான் இது. 2023 ஜூனில் ஒரகடம் அரசு ஐடிஐயில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொழில் 4.0 மையத்தைத் திறந்தார். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டத்தின் பகுதி அது. ரோபோவும் சிஎன்சியும் கற்று வருகிற பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை கிடைக்கும், நல்ல விஷயம். ஆனால் இந்த மாற்றத்தில் ஒரு டன் எடையுள்ள, இன்னும் முப்பது வருஷம் ஓடக்கூடிய மெஷின்கள் உருக்கு உலைக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுப் பட்டறைக்காரர்களும் கல்லூரிகளும் சின்ன ரிப்பேர் கடைக்காரர்களும் இப்போது விழித்துக்கொண்டால் அவற்றில் சிலவாவது தப்பும்.

மெஷினைச் சோதிப்பதை அண்ணனே நடத்தினார். முதலில் டேபிளை ஒரு கோடிக்கு ஓட்டி, அடியில் தெரிந்த ஸ்லைடைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்தார்.

“இதைப் பாருங்க சார்.”

ஸ்லைடின் ஓரத்தில் பிறை பிறையாகச் சின்னத் தடங்கள். மெஷின் செய்தவர் கையால் ஸ்கிரேப் பண்ணின அடையாளம். அந்தக் குழிகளில்தான் எண்ணெய் தங்கும். ஓரத்தில் பிறைகள் கூர்மையாக இருந்தன. நடுப்பகுதிக்கு வரவர மங்கின. ஆனால் அழிந்துபோகவில்லை. நடுவில் பிறையே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அங்கே உலோகம் கரைந்துபோயிற்று என்று அர்த்தம். எந்த மெஷினிலும் நடு டேபிள்தான் அதிகம் தேயும், ஏனென்றால் வைஸை எல்லோரும் நடுவில்தான் பூட்டுகிறார்கள்.

அடுத்து டேபிள் கைப்பிடி. கோடியிலிருந்து கோடி வரைக்கும் என்னையே சுற்றச் சொன்னார். நடுவில் இலேசாக ஓடி, ஓரங்களில் கை கனத்தது. “நடுவுல ஆட்டத்தை எடுக்க, ஸ்லைடுக்கு இடையில இருக்கிற கிப் பட்டையை இறுக்கினா ஓரத்துல பிடிக்கும். ஓரத்துக்குச் சரியா வச்சா நடுவுல ஆடும். பழசுன்னா அப்படித்தான். இது ரொம்ப மோசமில்ல.” பிறகு கைப்பிடியை ஒரு திசையில் சுற்றி, டயலைப் பூஜ்யத்தில் வைத்து, எதிர்த் திசையில் மெல்லத் திருப்பினார். டேபிள் அசைய ஆரம்பிப்பதற்குள் கால் மில்லிமீட்டர் வீணாகப் போயிற்று. திருகில் அவ்வளவு ப்ளே. இதனால் அளவு கெடாது. எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து அளவு எடுக்கப் பழகிக்கொண்டால் போதும். ஆனால் கட்டர் பல் ஜாபை இழுக்கிற திசையில் ஊட்டக் கூடாது. இழுத்தால் டேபிள் அந்தக் கால் மில்லிமீட்டர் தாவும், கட்டர் ஒடியும். எதிர்த்து வெட்டுவதுதான் பழைய மெஷினுக்கு முறை. டிஜிட்டல் ரீடவுட் ஒன்றை டேபிளில் பூட்டிவிட்டால் திருகை நம்பவே வேண்டாம் என்று முதலாளி அங்கிருந்தே சொன்னார். அதுவும் உண்மை, நான் பூட்டப்போகிறேன்.

கடைசியாக ஸ்பிண்டில். விரலை உள்ளே விட்டு டேப்பரைத் தடவிப் பார்த்தார், நானும் தடவினேன். கட்டர் ஹோல்டர் வழுக்கிச் சுற்றியிருந்தால் உள்ளே வளைய வளையமாகக் கீறல் தட்டுப்படும். தட்டுப்படவில்லை. டயல் கேஜின் முனையை டேப்பருக்குள் வைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினோம். முள் ஒரு கோட்டுக்குள் அசைந்து நின்றது: நூறில் ஒரு மில்லிமீட்டர். மோட்டாரை ஓடவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதிலும் நுனியைத் தலையிலும் வைத்துக் கேட்கச் சொன்னார். ஒரே சீரான ஓசை. பேரிங்கில் கரகரப்பு இல்லை.

டேபிளில் டிரில் இறங்கின வடு எத்தனை என்று நான் எண்ணுவதைப் பார்த்து அவருக்கு முகம் மலர்ந்தது. ஒன்றுதான் இருந்தது, ஓரமாக. அதுவும் அவர் லீவில் இருந்தபோது யாரோ போட்டதாம்.

இந்த மெஷினின் ஸ்பிண்டில் ஐஎஸ்ஓ 40 டேப்பர். இந்த வட்டாரத்தில் இதற்கு ஒரு தனி லாபம் இருக்கிறது. விஎம்சிக்காரர்கள் பயன்படுத்தும் பிடி40 ஹோல்டரும் அதே சரிவுதான், 24க்கு 7. பின்னால் இழுத்துப் பிடிக்கிற போல்டும் விளிம்பும் இடிக்காமல் உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டால், அவர்கள் கழித்துப்போடுகிற ஹோல்டர்கள் நமக்கு உதவும். அமெரிக்க ஆர்8 டேப்பர் உள்ள மெஷினுக்கு இங்கே கட்டரைப் பிடிக்கிற கோலெட்டைத் தேடி அலைய வேண்டும். டேப்பர் எது என்று கேட்காமல் விலை பேசக் கூடாது. மெஷினின் விலையைப் போலவே கட்டர், கோலெட், வைஸ், கிளாம்ப் செட் எல்லாவற்றுக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். மெஷினுக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு டிரில் சக்கில் எண்டு மில்லைப் பிடிக்கிறவர்கள் உண்டு. அது ஆபத்து. சக் பக்கவாட்டு விசையைத் தாங்க வடிவமைத்ததல்ல, வெட்டும்போதே கட்டர் நழுவி இறங்கும். இஆர்32 கோலெட் செட் ஒன்று இருந்தால் 20 மி.மீ. தண்டு வரைக்கும் பிடிக்கலாம். கட்டருக்கு வெளியூர் போக வேண்டாம். 1873இல் தொடங்கிய சென்னை அடிசன் கம்பெனியின் எச்எஸ்எஸ் கட்டர்கள் நம் ஊர்ச் சரக்கு.

கரன்ட்தான் அடுத்த பேச்சு. என் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். மோட்டார் மூன்று ஃபேஸ், 415 வோல்ட், இரண்டு குதிரைத் திறன். பலர் இந்த இடத்தில்தான் பயந்து பின்வாங்குகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. விஎஃப்டி என்ற பெட்டி ஒன்று 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் மூன்று ஃபேஸாகக் கொடுக்கும். நம்மூரில் இரண்டு குதிரைத் திறன் வரைக்குமான மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில் 415க்குக் கட்டியிருப்பார்கள். அதை டெல்டாவாக மாற்றினால் அந்த 230இலேயே முழு பலத்தோடு ஓடும். மாற்றுவதற்குச் சுருளின் ஆறு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்த்தோம். தகடு மூன்று, முனை ஆறு. மூன்று முனை மட்டும் இருந்திருந்தால் ஒயின்டிங் கடைக்காரரிடம் கொடுத்து ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே எடுத்திருக்க வேண்டும். விஎஃப்டியால் கூடுதல் நன்மை, பெல்ட் மாற்றாமலே வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். அலுமினியத்துக்கு வேகம் வேண்டும், எஃகுக்கு நிதானம்.

தளம் தாங்குமா என்பது என் வீட்டில் எல்லோரும் கேட்டது. தரைத்தளம், மண்மேல் போட்ட கான்கிரீட், அங்கே கவலையில்லை. மாடி வேறு விஷயம். குடியிருப்பு வீட்டு மாடிக்கு இந்தியத் தர விதிப்படி கணக்கில் எடுக்கிற பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. ஒரு டன்னை அரைச் சதுர மீட்டரில் நிறுத்த அந்த மாடி கட்டப்படவில்லை. என்ஜினீயரைக் கேட்காமல் முந்நூறு கிலோ மெஷினைக்கூட மேலே ஏற்றாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

ஏற்றிப் போவது எப்படி என்று பேச்சு வந்தபோது வாசலில் நின்ற குட்டி யானையைக் காட்டினேன். முதலாளி தலையை ஆட்டினார். அது முக்கால் டன்னுக்கான வண்டி; மேலே கனமான தலையோடு நிற்கிற மெஷின் வளைவில் சாய்த்துவிடும். பெரிய பிக்கப் வேண்டும், ஏற்ற இங்கே ஹைட்ரா கிரேன் பத்து நிமிடத்தில் வந்துவிடும், இறக்க என் தெருவுக்குள் கிரேன் வராது என்பதால் தலையைக் கவிழ்த்துக் கீழே இறக்கி, டேபிளைத் தனியாகக் கழற்றி, குழாய் உருட்டி, கடப்பாரையால் நெம்பி உள்ளே தள்ள வேண்டும். அண்ணன் ஒரு காகிதத்தில் எந்த போல்ட்டை முதலில் தளர்த்துவது, எதைத் தொடவே கூடாது என்று படம் போட்டுக் கொடுத்தார். தலையைத் தாங்காமல் நாலு போல்ட்டையும் தளர்த்தினால் அது சட்டென்று கவிழ்ந்து கையை நசுக்கும். அந்த வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தார்.

விலை பேசி முடிந்தது. கேட்ட விலைக்கும் கொடுத்த விலைக்கும் நடுவில், மெஷின் வைஸையும் ஒரு டப்பா நிறையப் பழைய கட்டர்களையும் முதலாளி சேர்த்துக் கொடுத்தார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, கையில் இருக்கிற ஆர்டர் முடியும் வரைக்கும் மெஷின் தன்னிடமே ஓடட்டும் என்று கேட்டார். எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

கிளம்பும்போது அண்ணன் கேட்டார், “கொண்டுபோய் முதல்ல என்ன சார் வெட்டுவீங்க?”

அலுமினியத் தகடு என்றேன்.

“அதுக்கு முன்னாடி வைஸுக்கு அடியில போட ரெண்டு கீ வெட்டிக்குங்க. டேபிள் ஸ்லாட்டை அளந்து, அதுக்கு ரெண்டு பாயின்ட் குறைச்சு. அது இருந்தா வைஸைக் கழட்டி மாட்டும்போதெல்லாம் டயல் போட வேணாம், தானா நேரா உட்காரும். தலையை நேர் பண்ண நான் ஞாயித்துக்கிழமை வரேன், லெவல் மட்டும் பார்த்து வச்சிருங்க.”

ஸ்லாட் அளவைக் காகிதத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.